ரேடியோ ஓய்ந்த மத்தியானம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். உன் இருமல் நின்றதா? இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருபவனைத்தான் நாங்கள் ரேடியோ என்போம். வாய் ஓயாது. அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, அப்புறம் தனியாக இதைப் படி.

வருகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். வரவில்லை. பாப்பாவிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை.

பாய்லர் அறையில் நானும் ரேடியோவும் இரண்டு பேர்தான். ஒருவர் லீவில் போனால் மற்றவர் இருந்தே ஆகவேண்டும். இந்த முறை லீவு அவனுடையது. அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். என்னுடையது என்று உனக்கு எழுதினேனே, அது சீட்டில் ஜெயித்தது.

ஞாயிறு மத்தியானங்களில் போக்கர் ஆடுவோம். காசு கிடையாது. பழைய வாஷர்கள்தான் பந்தயம். தோற்றவன் ஒரு வாஷருக்கு ஒரு நைட் ஷிப்ட் கூடுதலாகப் பார்க்கவேண்டும். அன்று என் கையில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது. மேசையில் இருவருக்கும் பொதுவாக விரித்த சீட்டுகளில் இன்னும் இரண்டு ராஜா, ஒரு ஒன்பது. அதை அடிக்க அநேகமாக எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். ரேடியோ பேச்சை நிறுத்தியிருந்தான். நல்ல சீட்டு வந்தால்தான் அவன் வாய் மூடும். மேசையில் மூன்று ஸ்பேட் கிடந்தன. மீதி இரண்டும் அவனிடம் என்று புரிந்துவிட்டது; ஐந்து ஸ்பேட் சேர்ந்தாலும் என் சீட்டுக்குக் கீழேதான்.

ஒரேயடியாகப் பெரிதாக வைத்தால் பயந்து சீட்டைப் போட்டுவிடுவான். அதனால் பெருமூச்சு விட்டு, ஒரே ஒரு வாஷரைத் தள்ளினேன். அவன் ஏற்றினான். யோசிப்பதுபோல நெற்றியைத் தேய்த்து இன்னும் கொஞ்சம் வைத்தேன். அவனுக்கு என்மேல் பாவமாகிவிட்டது. “விட்டுடுங்கண்ணே, நான் நல்லா வெச்சிருக்கேன்” என்றான். சத்தியமாக அப்படித்தான் சொன்னான். நான் விடவில்லை. அவன் வாஷர்கள் தீர்ந்ததும், சிரித்துக்கொண்டே, “சரி, என் லீவை வைக்கிறேன்” என்றான். வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாப்பா முகம் கண்ணில் நின்றது. வாயைத் திறக்கவில்லை.

நான் சீட்டைத் திருப்பிக் காட்டியதும் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, “ஆட்டம்னா ஆட்டம்தாண்ணே” என்று சொல்லி, தானே சூப்பர்வைசரிடம் போய்ப் பெயரை மாற்றிவிட்டு வந்தான். நான் பெட்டியை இறக்கித் துடைத்தேன். உனக்குக் கடிதமும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவியிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. கம்பெனியில் லீவு தரவில்லை என்றான். அந்தப் பக்கம் அவள் அழுதிருக்க வேண்டும். “யார் மேலயும் தப்பில்லம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் பெயரை எடுக்கவே இல்லை.

லீவு வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். “ரெண்டு பேரும் என்ன விளையாடறீங்களா?” என்று கத்தினார். கத்தினாலும் லீவைப் பழையபடி ரேடியோ பெயருக்கே மாற்றிவிட்டார். நான் விட்டுக்கொடுத்தது தெரிந்தால் ரேடியோ வாங்கமாட்டான். அதனால் கம்பெனியே என் லீவை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னேன். உடனே நம்பிவிட்டான். எனக்காக வருத்தப்படவும் செய்தான். அவனை ஏமாற்றுவது எனக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று கூசிப்போனேன்.

பாப்பாவுக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை. என் கண்ணில் அவள் இன்னும் அதே உயரம்தான்.

லீவு முடிந்து கிளம்புமுன் அவன் மறுபடி வருவான், அப்போது அவனிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே. முகத்தைச் சுளிக்காதே. ஒரு வாய் அதிகமாகப் போடு. பிரசவம் ஆனதும் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வா. குழந்தையை என் சார்பிலும் தூக்கு. என்மேல் கோபம் இருந்தால் எழுது. திட்டியாவது எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீயும் பாப்பாவும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்