நீ வைத்த பெயரும் நான் கூப்பிட்ட பெயரும்

இன்று காலை வெயில் வந்தது. விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, எதிர் மேட்டுத் தேயிலையில் முதலில் விழுந்து, அப்புறம் நம் லைன் வீட்டுக் கூரைக்கு இறங்கியது. உன் மகள் வீட்டிலிருந்த கம்பளியை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடி வந்து கம்பியில் போட்டாள். ஈரக் கம்பளி காய்கிற வாடை, நனைந்த நாயும் அடுப்புப் புகையும் கலந்த மாதிரி, என் வாசல் வரைக்கும் வந்தது. அவ்வளவுதான், கையிலிருந்த தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை. வெயில் தலைகாட்டினால் போதும், அடுப்பில் சோறு கொதித்தாலும் விட்டுவிட்டுக் கம்பளியோடு ஓடுகிறவள் நீ. 'கம்பளிக்காரி' என்று உனக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தானே.

இந்தத் தோட்டத்தில் நான் பட்டப்பெயர் வைக்காத ஆள் ஏது? கங்காணிக்கு 'உலக்கை'. கணக்கெழுதுகிற கிராணிக்கு 'மைக்கூடு'. துரைக்குக்கூட ஒன்று உண்டு, அதை இங்கே எழுத முடியாது. நான் சொன்னதற்கெல்லாம் முதலில் சிரித்தது நீதான் என்பது நீ போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது நான் கேலி பேசினால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வருகிறது.

உனக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டுமே மழை மாதத்தில் போயின. சுவரெல்லாம் ஈரம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்த பிள்ளைத்துணியில் புகை வாடை. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த மறுவாரமே நீ கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாய். உன் நிரையையும் சேர்த்து நானே கொழுந்து பறித்தேன். அன்று முழுக்க என் வாயில் ஒரு கேலி வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்றாவதாக இவள் பிறந்தாள். பேர் வைக்கிற அன்று உன் வீட்டில் நிற்க இடமில்லை. தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "இளவெயில்" என்றாய்.

"என்னது?" என்றார் உன் மாமியார்.

"இளவெயில், அத்தை."

"ரெண்டைப் பறிகொடுத்துட்டு மூணாவதுக்கு மினுக்கிக்கிட்டு ஒரு பேரு கேக்குதா? குப்பாயின்னு வை. குப்பைன்னு நெனச்சு சாமி தொடாம விட்டுட்டுப் போவும்."

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார். "ஊர்ல வெயில் தாங்காமத்தான் எங்கப்பாரு கப்பல் ஏறுனாரு. அதையே பேரா வைக்கிறியேம்மா! லட்சுமி, சரசுன்னு வைலா. பேருக்கா பஞ்சம்?"

"எங்கேயும் கேள்விப்படாத பேரு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கிண்டல் பண்ணும்" என்றார் கிராணி.

நான் சும்மா இருப்பேனா? "மழை பேஞ்சா இவளை எப்படிடி கூப்பிடுறது? குடை பிடிச்சுக்கிட்டு வா வெயிலுன்னா?"

வீடே சிரித்தது. உன் புருஷன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. "இந்த மலையில நாம எதுக்கு ஏங்கிச் சாவுறோம்? வெயிலுக்குத்தானே? எம்புள்ளைக்கு நான் அதைத்தான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு, குனிந்து அவள் காதில் அந்தப் பெயரைச் சொன்னாய். உன் மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் பைப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்றிருந்தது.

"அக்கா, அத்தை சொன்னதுலேருந்து தூக்கமே இல்ல. பயமா இருக்கு. ஆனா குப்பாயின்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"நீங்க கூப்பிடுங்க. ஊரையே பட்டப்பேர் சொல்லித்தானே கூப்பிடுறீங்க? உங்க வாயில வந்தா மத்தவங்களுக்கு அது வெறும் கேலி. கேக்க வேண்டிய சாமி காதுல விழுந்தாப் போதும்."

"எதுவரைக்கும்டி?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அன்றைக்கு ஆரம்பித்தேன். லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் என் தொண்டை. பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையைக் கடக்கும்போது கூப்பிடுவேன், மலைக்குப் போகும்போது கூப்பிடுவேன், தூங்குகிற பிள்ளையைக்கூட விட்டதில்லை. "ஏ குப்பாயி!" உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

பள்ளிக்கூடம் சேருகிற வயதில் அவளுக்கும் அதே நெஞ்சுச் சளி வந்தது. அதே மழை. டவுன் ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். நீ கட்டிலருகே இருந்தாய். நான் ஜன்னலுக்குக் கீழே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன். "ஏ குப்பாயி! குப்பைக்காரி! யாருக்குடி வேணும் நீ? சீண்டுவார் இல்லாதவளே!" நர்ஸ் ஜன்னலைத் திறந்து மலாயில் திட்டினாள். அவளுக்குப் பின்னால் உன் முகம் தெரிந்தது. இன்னும் சத்தமாக என்று கையைக் காட்டினாய். கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். மழையில் நின்றதால் அது வெளியே தெரியவில்லை.

அவள் பிழைத்து வந்தாள். வளர்ந்தாள். வளர்ந்த பிறகு என்னைக் கண்டாலே மூக்கைச் சுளித்தாள். "பெரியம்மா, என் பேரு உங்களுக்குத் தெரியாதா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். "தெரியாதேலா" என்பேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

போன வருஷம் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். கடைசியாக நான் பார்க்க வந்தபோது உனக்குக் குரலே இல்லை. குனிந்து கேட்டேன்.

"இன்னிக்குக் கூப்பிட்டீங்களா, அக்கா?"

"கூப்பிட்டேன். அரிசி கழுவிக்கிட்டு இருந்தா. மொறைச்சா பாரு ஒரு மொறை, அப்படியே உன் மாமியார்."

உன் உதட்டோரம் லேசாக அசைந்தது. தலையை ஆட்டினாய். போதும் என்று சொல்வாயோ என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவள் மூலையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். கேலி பேசுகிற இடமா அது? "இளவெயில், ஒரு வாய் தண்ணி குடிம்மா" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டது அப்போதுதான். திடுக்கிட்டு நிமிர்ந்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லாதீங்க பெரியம்மா. நீங்க குப்பாயின்னு கூப்பிடுறதாலதான் நான் இருக்கேன்னு அம்மா சொல்லியிருக்கு. நீங்களும் விட்டுட்டா..."

எப்போது சொன்னாய் அவளிடம்? அத்தனை நாள் மூக்கைச் சுளித்ததெல்லாம் நடிப்பா? அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து என்னையே ஏமாற்றியிருக்கிறீர்கள்.

தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் திரிங்காப், காய்கறி லோரி ஓட்டுகிறவன். நல்ல பையன், காதுதான் கொஞ்சம் பெரிசு, அதற்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். இன்று கம்பளியைக் காயப்போட்டுவிட்டு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, அங்க வந்தும் கூப்பிடுவீங்கதானே?"

"சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னு குப்பாயின்னு கத்துனா வெளக்கமாத்தால அடிப்பாங்கடி."

"அடிக்கட்டும். நீங்க கத்துங்க."

கத்துவேன். மாப்பிள்ளை லோரியிலேயே ஏறிப் போய்க் கத்துவேன். ஆனால் முழங்கால் முன்போல இல்லை. இந்த மழைக்கு எனக்கும் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு அப்புறம் யார் கூப்பிடுவது என்று உன்னிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நீ வைத்த பெயரால் அவளை எல்லோரும் கூப்பிடுகிறார்கள், கங்காணிகூட. எனக்கும் அதை வாய் நிறையச் சொல்ல ஆசைதான், கம்பளிக்காரி. நீ போதும் என்று சொல்லாமல் போய்விட்டாயே, நான் எப்படி நிறுத்துவது?

மேட்டில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. கம்பளி எல்லாம் இன்னும் கம்பியிலேயே கிடக்கிறது. அவள் அதை மறந்துவிட்டு உள்ளே என்னவோ பாடிக்கொண்டிருக்கிறாள். இரு, ஒரு சத்தம் போட்டுவிட்டு வருகிறேன்.