ஸ்டென்ட் எடுக்கும் நாள்

பாலசமுத்திரம்
14.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கல்பனா எழுதுவது. போனை எடுக்காத புருஷனுக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. மாங்காய் மண்டி முகவரிக்குப் போட்டால் எப்படியும் கைக்கு வந்துவிடும். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்பீர்கள்.

ஸ்டென்ட் எடுக்க ஒன்பதாம் தேதி நீங்கள் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. குடித்துக் குடித்துக் கணையம் வீங்கி, பக்கத்தில் நீர்க்கட்டி உண்டாகி, ஒரு வாய் கஞ்சி இறங்காமல் துடித்தது மறந்துவிட்டதா? கட்டியின் சுவர் கெட்டிப்பட ஆறு வாரம் காத்திருந்தோம். வயிற்றைக் கிழிக்காமல், வாய்வழியே குழாய் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பார்த்து, இரைப்பையிலிருந்து கட்டிக்குள் ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிக் குழலை வைத்து நீரை வடித்தார்கள். நாலு வாரத்தில் அதை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது தலையைத் தலையை ஆட்டினீர்கள். தலையாட்டுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் குளத்தில் முழுகி எழுந்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள். மூன்று மாதம் அதைக் காப்பாற்றுங்கள், வருகிறேன் என்றுதான் அம்மா வீட்டில் இருக்கிறேன். எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள்? தேதியை எழுதுங்கள்.

கோபத்துடன்,
கல்பனா


பங்காருபாளையம்
18.6.2025

அன்புள்ள கல்பனாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளா வேளைக்குச் சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கிற வயிற்றுக்குள் மறுபடி எதற்குக் குழாய்? மண்டியில் தோத்தாபுரி மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கிறது. சீசன் முடியட்டும். கூட வேலை செய்யும் சம்பத்தே, "நல்லா துன்னுகினு கீறே, உனக்கு இன்னா வியாதி?" என்கிறான். நீ வருகிற நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
சிரஞ்சீவி


பாலசமுத்திரம்
21.6.2025

மாமா,

சம்பத் எப்போது டாக்டரானான்? ஆஸ்பத்திரி நர்ஸ் வெங்கடலட்சுமியிடம் பேசினேன். "நல்லா கீறாருன்னா கட்டி சுருங்கிடுச்சின்னு அர்த்தம்மா. இனிமே அந்தக் கம்பி ரத்தக்குழாயில ஒரசும். ரத்தம் கொட்டினா தாங்கமாட்டாரு, இட்டுகினு வா" என்றார். என்னால் உங்களைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? எனக்கு அலுத்துவிட்டது. சீசன் எல்லாம் சாக்கு. உண்மையைச் சொல்லுங்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள்?

கல்பனா


பங்காருபாளையம்
25.6.2025

கல்பனா,

சத்தியம் செய்த பதினோராம் நாள் குடித்துவிட்டேன். அப்புறமும் குடித்தேன். அந்தக் குழாயின் முனையில் கேமரா இருக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் டிவியில் தெரிகிறது. நீ பக்கத்தில் நிற்பாய். குடித்த வயிறு காட்டிக்கொடுத்துவிடும், நீ வராமலே போய்விடுவாய். அதனால்தான் போகவில்லை. உனக்காகத்தான். இரண்டு நாளாகப் படியேறினால் தலை சுற்றுகிறது. வெயிலாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

சிரஞ்சீவி


பாலசமுத்திரம்
27.6.2025

மாமா,

இதைக் கொடுத்துவிட்டு என் தம்பி வெங்கட் காரோடு நிற்கிறான். படித்ததும் ஏறுங்கள், சட்டைகூட மாற்ற வேண்டாம். தலைசுற்றல் உள்ளே ரத்தம் கசிவதால் இருக்கலாம் என்று நர்ஸ் பதறுகிறார்.

எந்தக் கேமராவும் போன வாரம் குடித்ததைக் காட்டாது. இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கா இத்தனை நாள்! டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை நாள் என்று. அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் குடித்தது எனக்கு முன்னமே தெரியும். முன்பெல்லாம் போனில் பிள்ளையார் சத்தியப் பேச்சை எடுத்தாலே நீங்கள் மாங்காய் விலைக்குத் தாவினீர்கள். தெரிந்தும் வந்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டுதான் இருந்தது. நேற்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். நான் வர வேண்டும் என்பதற்காக நீங்கள் சாகத் துணிந்திருக்கிறீர்கள். அதைப் போய் எனக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் முடியவில்லை மாமா.

நான் வரமாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன், வீட்டுக்கும் வரமாட்டேன். நான் போய்விடுவேன் என்கிற பயம் இனி உங்களுக்கு வேண்டாம். போய் அந்த ஸ்டென்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்பனா