ஒரு பகல் வேலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நீங்களும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். பதினான்கு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றலாம். போடுங்கள், படித்துவிட்டுப் போடுங்கள்.

சென்ற வியாழக்கிழமை, குளிருக்கு நெருப்பு மூட்டும் முன்னறை அடுப்பின் புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கினோம். வந்தவர் தெருக்கோடியில் இருக்கும் புகைபோக்கி மேஸ்திரி. அவர் தங்கை கூரையில் நின்று கயிற்றில் குழாயை விட, அவர் கீழே தலையை உள்ளே நுழைத்துப் பிடித்து இழுத்தார். பாதி வழியில் சிக்கிக்கொண்டது. துருத்தி நின்ற செங்கல்லைக் கொத்தி எடுத்த பிறகுதான் இறங்கியது. முன்னதாகச் சுரண்டியதில் தாராக இறுகிய கரி மூன்று வாளி வந்தது.

குழாய் இறக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தார். புகைபோக்கியின் மேல்வாயை அடைத்துவிட்டு, வெறும் புகையாகக் கக்கும் மாத்திரை ஒன்றை அடுப்புக்குள் கொளுத்தினார். என்னை மாடி அறையில் போய் நிற்கச் சொன்னார். அந்த அறைதான். கட்டிலை நான் நகர்த்தவில்லை. புகைபோக்கி ஏறும் தலைமாட்டுச் சுவரில் பூச்சு வெடித்த இடத்தில் முதலில் புகை நூல் போல வந்தது. அப்புறம் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். இருநூறு எண்ணி முடிப்பதற்குள் தலையணை கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வந்த நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதனால்தான் என் மகள் எழுந்திருக்கவில்லை.

மேஸ்திரி விளக்கிச் சொன்னார். இந்தப் புகைபோக்கி பெரிய நெருப்புக்காக அந்தக் காலத்தில் ஆள் நுழையும் அகலத்துக்குக் கட்டியது. மாப்பிள்ளை, நீங்கள் அனுப்பியதோ கொஞ்ச விறகில் நின்று எரியும் இரும்பு அடுப்பு. அதன் புகை அவ்வளவு அகலத்தில் ஏறுவதற்குள் ஆறித் தேங்கிவிடும். தேங்கினது செங்கல் இடுக்கில் வழி தேடும். அடுப்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

இதை அவர் சொன்னது இரண்டாவது தடவை, மாப்பிள்ளை.

அடுப்பு வந்து இறங்கிய அன்றே அவரைத்தான் கூப்பிட்டேன். உள்ளே விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, குழாய் இறக்காம இதைப் பத்த வைக்காதீங்க என்றார். எங்கப்பா காலத்திலேர்ந்து எரியிற புகைபோக்கி, எனக்கே பாடம் நடத்துறீங்களா என்று அவரை அனுப்பிவிட்டேன். நானே பொருத்தினேன். உங்களிடம் போனில், ஜோரா எரியுது மாப்பிள்ளை என்றேன். ஞாபகம் இருக்கும்.

மகள் இங்கே வந்திருந்தபோது மூன்று நாளும் விடிந்ததும் தலைவலி என்றாள். ரயில் அலுப்பு என்றேன். வெளியில் நடந்துவிட்டு வந்தால் விட்டுப்போகிறது என்று அவளே சொன்னாள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நாலாவது நாள் பேத்தி தாத்தாவோடுதான் படுப்பேன் என்று அடம்பிடித்துக் கீழே பின்னறைக்கு வந்துவிட்டாள். விறகு விடியும்வரை தாங்கட்டும் என்று அன்று இரவு அடுப்பின் காற்று வழியை இறுக்கி மூடியவன் நான்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சாவுக்கு வந்த அத்தனை பேர் முன்னால், நீங்க அனுப்பின அடுப்புதான் என் பொண்ணைக் கொன்னுடுச்சு என்று கத்தினேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். மேஸ்திரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தைச் செய்தவனே பழியையும் தூக்கி அடுத்தவர் தலையில் வைத்தான்.

ஏன் அன்றைக்கே வாய் திறக்கவில்லை என்று வியாழக்கிழமை அவரிடம் கேட்டேன். பொண்ணைப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்றது, நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன் என்றார்.

போன மாதம் சம்பந்தியம்மா எனக்கு எழுதியிருந்தார். நீங்கள் வீட்டில் எந்தக் கணப்பும் வைக்க விடுவதில்லையாம். பேத்தி கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாளாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களாம். என் மகனுக்கு என்னவோ ஆகிவிடும் போலிருக்கிறது, நீங்கள்தான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார். என்னிடம் போய்க் கேட்டிருந்தார். அதற்கு மேல் என்னால் மூடி வைக்க முடியவில்லை. எழுதுவதற்கு முன் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போய், அன்று என் பேச்சைக் கேட்டவர்கள் எத்தனை பேர் கிடைத்தார்களோ அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி எழுந்து உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அடுப்பு இப்போது புகையை நன்றாக மேலே இழுக்கிறது. அடுப்புக் கதவின் கண்ணாடி கறுப்பதில்லை, பாதி விறகு போதுமாக இருக்கிறது. நச்சுக்காற்று வந்தால் அலறும் கருவியை மேஸ்திரியின் தங்கை மாடியில் மாட்டிவிட்டுப் போனாள். காலையில் ஆரம்பித்து விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பகல் வேலை, மாப்பிள்ளை. அவ்வளவுதான் அது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்கும் வாய் எனக்கு இல்லை. பேத்தியை அனுப்புங்கள் என்றும் கேட்க மாட்டேன். நல்ல ஆளை வைத்து உங்கள் வீட்டுப் புகைபோக்கியைப் பாருங்கள், அந்தக் கருவியையும் மாட்டுங்கள். மாட்டிவிட்டு நெருப்பு மூட்டுங்கள். அவளைச் சூட்டில் தூங்கவிட்டு நீங்களும் தூங்குங்கள்.

அவள் வளர்ந்து அம்மாவைப் பற்றிக் கேட்கும்போது இந்தக் காகிதத்தைக் கொடுங்கள். எனக்காக ஒரு வரியையும் மறைக்க வேண்டாம். குழந்தை நூறு வயது இருக்கட்டும், அப்பாவின் பொறுமை அவளுக்கு வரட்டும். என்னுடைய எதுவும் அவளுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியைப் பெற்றவன்