வீட்டுக்குள் வந்த ஆமை

அம்மா,

சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. பாட்டரி கிடைக்குமா என்று அலமாரியின் கீழ்த்தட்டைக் குடைந்தபோது டி.வி. ரிமோட் கையில் கிடைத்தது. நீ சுற்றிவைத்த பாலிதீன் கவர் அப்படியே இருக்கிறது. ரப்பர் பேண்டுகூட அறுந்துபோகவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். கவுச்சி. எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் உன் விரல் நுனியில் கொஞ்சம் மிஞ்சியிருக்குமே, அதே வாடை.

ரிமோட்டுக்குள் இரண்டு பாட்டரி இருக்கிறது. ஒன்றை எடுத்துப் போட்டால் கடிகாரம் ஓடும். ஆனால் அதற்குக் கவரைப் பிரிக்க வேண்டும். பிரிக்கக் கை வரவில்லை. அதனால் கடிகாரம் இரண்டே முக்காலிலேயே நிற்கிறது. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்குப் போய் எதிர்வீட்டுச் செல்வி அக்காவிடம் மணி கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இன்னாடி, ஞாயித்துக்கிழமையில எந்த பஸ்ஸ புடிக்கப் போற?" என்று அவர் கேட்டுவிட்டார். கடைசியாகக் கேட்டபோது நாலே கால்.

ஆறு மணிக்கு அந்த ஆமைப் படம் மறுபடி வருகிறது. அறிவியல் டீச்சர் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் அதைப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. முதலியார்பேட்டையில் ஏறி வீடு வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.

நம் டி.வி. போர்வை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறது. அத்தை திருப்பி வைத்தது. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

அந்த டி.வி. வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சனிக்கிழமைதோறும் டவுனில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டுக்கு வஞ்சிரம் கொண்டுபோய்க் கொடுப்பாயே, அவர் பிரான்சில் இருக்கும் மகனிடம் போகும்போது உனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மீன் கூடையைக் கூட வந்த செல்வி அக்காவிடம் விட்டுவிட்டு டி.வி.யை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாய். அதில் எல்லாமே பிரெஞ்சில்தான் எழுதிக் காட்டும். மாற்றத் தெரியவில்லை. மழை வந்து படம் போய்விட்டால் நீலத் திரையில் ஒரு பிரெஞ்சு வரி தோன்றும். "தொர கோவிச்சிக்கினாரு" என்பாய். துரை சமாதானமாகும்வரை காத்திருப்போம்.

பாடல், சீரியல் எல்லாவற்றையும் தாண்டி, நம் இருவரையும் பிடித்துக்கொண்டது ஞாயிறு ஆறு மணிப் படங்கள்தான். எறும்பு, எரிமலை, பாலைவனம், பனிக்கட்டி. தவளக்குப்பத்தில் மீன் விற்று முடித்து, குளித்து, ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்துவிடுவாய். நான் நோட்டோடு உட்காருவேன். முதலில் படத்தில் பேசுகிறவர் சொல்வதை மட்டும்தான் எழுதினேன். ஆனால் நீ அவரோடு சண்டை போடாமல் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அவருக்கு நீ வைத்த பெயர் 'அந்தாளு'. "கொரலு நல்லாத்தான் இருக்கு. கரையில ஒரு நாளு நின்னிருக்க மாட்டான்" என்பாய். அதனால் நோட்டின் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் 'அந்தாள் சொன்னது'. வலப்பக்கம் 'அம்மா கேட்டது'. பல வாரம் வலப்பக்கம்தான் முதலில் நிறைந்தது.

பென்குவின் படம் வந்த அன்று அப்பாவும் இருந்தார். ஆண் பென்குவின் முட்டையைக் காலின்மேல் வைத்துக்கொண்டு பனியில் மாதக்கணக்காக நிற்கிறது, பெண் கடலுக்குப் போயிருக்கிறது என்று அந்தாள் சொன்னார். நீ அப்பாவைத் தட்டினாய். "பாருய்யா. பொம்பள மீனுக்குப் போயிருக்கா. ஆம்பள புள்ள பாத்துக்கறான்."

"அவனுக்கு வலை பின்ற வேலை இல்லபோல" என்றார் அப்பா.

"உனக்கு இருக்கறா மாதிரி."

அப்பா எழுந்து போகவில்லை. முழுப் படத்தையும் பார்த்தார். அன்று நீங்கள் இரண்டு பேரும் சிரித்ததை நான் நோட்டில் எழுதவில்லை. எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது நாலு ஐம்பது. செல்வி அக்கா கேட்காமலே சொன்னார்.

ஆமைப் படம் இரண்டு பகுதியாக வந்தது. முதல் பகுதி வந்த ஞாயிறன்று, இன்றைக்குக் கடலாமை என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டாய்.

"ஆமைய வூட்டுக்குள்ள காட்டாத."

வலையில் ஆமை சிக்கினால் அப்பா வலையை அறுத்து அதை விட்டுவிடுவார். கொல்லவும் கூடாது, வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது. இது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும், "படம்தானேம்மா" என்றேன்.

"படத்துல சாமி இருந்தா கும்புடறியா இல்லியா?"

"கும்புடறேன்."

"அப்ப படத்துல ஆமை இருந்தா?"

நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். டி.வி.யைத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தாய். ஜன்னல் வழியாக ஒயர் வந்தது. தெருவே கூடிவிட்டது. "இன்னாக்கா, தேரை நெலையிலேர்ந்து கெளப்பிட்டியா?" என்றார் செல்வி அக்கா. "வந்த விருந்தாளிக்கு உள்ள எடமில்ல" என்றாய் நீ.

பெண் ஆமை கரையேறியது. பின்னங்காலால் குழி தோண்டியது. முட்டையிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இது கண்ணீர் அல்ல, உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் வழி என்றார் அந்தாள். நான் எழுதிக்கொண்டேன். நீ விடவில்லை. "நம்ம கண்ணீரும் உப்புதான்டி. ஒரு நாளும் நக்கிப் பாத்ததில்லியா அவன்?" தெரு முழுக்கச் சிரித்தது. சிரிப்பில் அடுத்த நாலு வரி எனக்குக் கேட்கவில்லை.

முட்டையிட்டதும் ஆமை கடலுக்குத் திரும்பியது. அது தன் குஞ்சுகளைப் பார்க்கப்போவதே இல்லை என்றார் அந்தாள். உனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "மணலத் தள்ளி, ஒடம்பால தட்டி மூடிட்டுத்தான போவுது. சும்மா போவலியே" என்றாய், மெதுவாக.

சூடான மணலில் பொரிப்பவை பெரும்பாலும் பெண்ணாகும் என்று அந்தாள் சொன்னபோது என் தலையில் குட்டினாய். "அதான் நீ. சித்திரையில பொறந்தவ."

அடுத்த ஞாயிறு இரண்டாம் பகுதி. குஞ்சுகள் வெளியே வரப்போகின்றன. தெருவில் வைத்தால் சத்தத்தில் ஒன்றும் எழுத முடியாது என்று எனக்குக் கவலை. நோட்டில் அந்த நாலு வரிக்கு விட்ட இடம் வெறுமையாகவே கிடந்தது. காலையிலிருந்தே உன் பின்னால் சுற்றினேன். இன்னைக்கு உள்ளயே பாக்கலாம்மா, ஒரே ஒரு நாள்மா. நீ மாட்டேன் என்றாய். நான் சாப்பிட மாட்டேன் என்றேன். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீ டி.வி.யைத் தூக்காமலே உட்கார்ந்தாய்.

"சரி, போடு. வர்றது என் தலையோட போவட்டும்."

நான் போட்டேன்.

குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வந்தன. வெளிச்சமாகத் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும், ஊர் விளக்கு அதிகமிருந்தால் திசை மாறிவிடும் என்றார் அந்தாள். அவை அலையை நெருங்கும்போது கரண்டு போனது. படம் முடியும் நேரம்வரை வரவில்லை. "எத்தினி போய்ச் சேந்துச்சு?" என்று இருட்டிலேயே கேட்டாய். "அடுத்த தடவை போடும்போது பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அது மாசி. ஐப்பசி மழையில் ஒரு காலை, மீன் கூடையைத் தலைக்குத் தூக்கும்போது விழுந்தாய். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா என்பதுதான். அந்த மாத மாத்திரை அட்டை உன் சுருக்குப் பையில் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை டி.வி.யைச் சுவர் பக்கம் திருப்பினார். "ஆமைய உள்ள வுட்டீங்க. பாத்தீங்கல்ல" என்றார். உள்ளே வைத்தது யார் சொல்லி என்று அத்தைக்குத் தெரியாது. நீ சொன்ன வார்த்தையும் தெரியாது. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

நான் முட்டாள் இல்லை அம்மா. வாசலில் வைத்த அன்று தெருவே பார்த்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் நம் பக்கத்து வீடுகளில் எல்லாம் உள்ளே வைத்துத்தான் பார்த்தார்கள். மாத்திரை அட்டை என் பெட்டியில் இருக்கிறது, எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். காரணம் எது என்று பரீட்சையில் கேட்டால் சரியாக எழுதிவிடுவேன். ஆனாலும் 'என் தலையோட' என்று நீ சொன்னது காதில் கேட்டபடி இருக்கிறது. பாடம் படிக்கும்போது கேட்கிறது. தண்ணீர் பிடிக்கும்போது கேட்கிறது. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். சொன்னால் அவரும் அத்தை மாதிரி பார்த்துவிடுவாரோ என்று பயம்.

அப்பா வருகிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

அப்பா வலை வேலை முடித்து, குடத்துத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆறு மணிக்கு ஆமைப் படம் போடறாங்கப்பா. டீச்சர் பாத்துட்டு எழுதினு வரச் சொன்னாங்க."

"செல்வி வூட்ல பாரேன்."

"அன்னைக்கு உள்ளயே பாக்கலாம்னு நான்தான்ப்பா சொன்னேன். அம்மா வேணாம்னுதான் சொல்லுச்சு. நான் சாப்புடாம அடம் புடிச்சேன்." அதற்குமேல் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். "அதுக்கப்பறம்தான், வர்றது என் தலையோட போவட்டும்னு சொல்லிட்டு உக்காந்துச்சு."

அப்பா கை கழுவுவதை நிறுத்தினார். தண்ணீர் மட்டும் சொட்டியது.

"அப்படியா சொன்னா?"

"ம்."

"எட்டு மாசமா இத்த வச்சிக்கினா கெடந்த?"

அவர் தோள் துண்டில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அந்த வார்த்தைய அவ எப்பதான் சொல்லல? காத்து திரும்பிச்சின்னா சொல்லுவா. நான் போட்டைத் தள்ளும்போது கரையில நின்னு தெனம் சொல்லுவா. உன்ன மொத மொதல்ல ஸ்கூல் பஸ்ல ஏத்தி வுட்டப்பவும் சொன்னா. அந்தச் சொல்லுக்கு ஆளத் தூக்கற சத்து இருந்திச்சின்னா, கண்ணாலம் ஆன மறுவாரமே போயிருப்பா, பாப்பா."

உள்ளே போனார். போர்வையை உருவினார். இரண்டு கையாலும் டி.வி.யைப் பிடித்துத் திருப்பினார். தூசியில் அத்தையின் விரல் தடம் அப்படியே இருந்தது.

"வாசல்ல வைக்கலாமாப்பா?" என்றேன்.

அப்பா ஒயரைச் சுவரில் சொருகினார்.

"உள்ளயே இருக்கட்டும். வெளிய தெரு லைட்டு கூசும்."

கவரைப் பிரிக்காமலே ரிமோட்டை அமுக்கினேன். முதலில் நீலத் திரை வந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னது. "தொர இன்னும் கோவமாத்தான் இருக்காரு" என்றார் அப்பா. அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு படம் வந்தது.

இன்று இரண்டு பகுதியையும் சேர்த்தே போட்டார்கள். குஞ்சுகள் ஓடின. எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்றுவரை எண்ண முடிந்தது. பிறகு அலை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: எத்தனை என்று அந்தாளும் சொல்லவில்லை. பிழைத்துப் பெரிதாகிறவை ரொம்பச் சில என்றுதான் சொன்னார். அந்தச் சிலவற்றில் பெண் ஆமைகள் பல வருடம் கழித்து, பிறந்த கரைப் பக்கமே முட்டையிடத் திரும்பி வருமாம். பூமியின் காந்தம் வழி காட்டுகிறது என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"காந்தம் வழி காட்டும், சரி. போய்ச் சேரணும்னு அதுக்கு ஏன் தோணுது?" என்று டி.வி.யைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

அந்தாள் பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நோட்டுல எழுது" என்றார்.

நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கத் தலைப்பு பழையதுதான். வலப்பக்கம் வந்தபோது பேனா நின்றது. கேட்டது நீ இல்லை, நான். ஆனாலும் 'அம்மா கேட்டது' என்றே எழுதி, அதன் கீழே என் கேள்வியை எழுதினேன்.