கடலை மூடு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

நீயும் உன் மனைவி, பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அலுவலகத்துக்குள் காற்று அடிக்காது. இங்கே வாரத் தொடக்கத்திலிருந்து அடிக்கிறது, வலைக்கூடத்தின் கூரைத் தகடு பறந்துவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கேட்க ஆளில்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். போனில் பேசலாம் என்றால் எப்போது கூப்பிட்டாலும் உன் உதவியாளர்தான் எடுக்கிறார். "ஐயா மீட்டிங்ல இருக்காரும்மா" என்கிறார். நான் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் மீட்டிங் வைப்பீர்கள் போலிருக்கிறது.

சுற்றி வளைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடல் திறப்பு. அதை ஒரு வாரம் தள்ளிப் போடு.

உங்கள் மீன்வளத் துறை கொண்டுவந்த முறைதான் இது. கரை முழுவதற்கும் சேர்த்து இத்தனை டன் என்று 'மொத்தப் பிடி அளவு' வைத்திருக்கிறீர்கள். யார் பிடித்தாலும் சரி, அந்த அளவு நிரம்பியதும் கடலை மூடிவிடுவீர்கள். அதனால் திறந்த அன்றைக்கே ஓடினவனுக்குத்தான் மீன். காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தவனுக்கு வெறும் வலை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நீங்கள் பந்தியையும் படையையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டீர்களே, மகராசர்களே!

உன் அத்தான் போன வருஷம் அப்படித்தான் ஓடினார். இன்னொரு நடை போவதற்குள் கடலை மூடிவிடுவார்கள் என்று, கிடைத்ததையெல்லாம் மேல்தளம் வரை ஏற்றிக்கொண்டு திரும்பினார். துறைமுக வாசலுக்கு வந்த படகு ஒரே அலையில் புரண்டது. கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். உன் அத்தான் கரையேறவில்லை. பிறகு ஒருநாள் துறைமுகப் பலகையில் உங்கள் ஆண்டறிக்கையை ஒட்டினார்கள். 'மீன்பிடி முயற்சி குறைந்துள்ளது, ஒரு கலன் நீக்கம்' என்று சாதனைகளோடு சேர்த்துப் போட்டிருந்தீர்கள். அந்தக் கலன் உன் அத்தானின் படகு. கீழே உன் கையெழுத்து. மூழ்கிப்போனவரின் முயற்சி குறையாமல் வேறென்ன செய்யும்?

இப்போது உன் மருமகன் கிளம்புகிறான். ஷெட்டில் கிடந்த அவன் சித்தப்பாவின் பழைய படகைத் தட்டிக்கொட்டி ஓடவைத்துவிட்டான். "ஊரே போகும்போது நான் மட்டும் கரையில உக்காந்து ஈ ஓட்டவாம்மா?" என்கிறான். அப்பனைப் போலவே பிடிவாதம். நான் கத்தினால் சிரிக்கிறான். நீ ஒரு கையெழுத்துப் போட்டால் மொத்தக் கரையும் நிற்கும். போடு தம்பி.

உன் அக்கா

*

வெள்ளிக்கிழமை காலை

தம்பி,

உன் பதில் வந்தது. 'வானிலை, பருவத் திறப்புக்கான அளவுகோல் அல்ல' என்று தட்டச்சு செய்து, மேலே 'மதிப்புக்குரிய அம்மையீர்' என்று போட்டிருக்கிறாய். கூடப்பிறந்தவள் அம்மையீராகிவிட்டேன். நன்றாயிரு.

நீ கைவிட்டதும் நானே ஒரு காரியம் செய்தேன். மெக்கானிக்கின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, படகு இன்ஜினிலிருந்து டீசல் பம்பைக் கழற்றி வாங்கிவந்தேன். "அக்கா, தெரிஞ்சா உங்க பையன் என் தோலை உரிச்சுடுவான்" என்றார். உயிரோடு இருந்து உரிக்கட்டும் என்றேன். துணிப்பெட்டிக்குள் அதை ஒளித்துவைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து பார்த்தால் பையன் இல்லை. இன்ஜின் கிளம்பவில்லை என்றதும் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு குண்டன் படகில் கூலிக்கு ஏறிவிட்டானாம். குண்டனை உனக்குத் தெரியுமே, விளிம்பில் தண்ணீர் தொடும்வரை ஏற்றாமல் திரும்பாத மனுஷன். தன் படகென்றால், ஏற்றியது போதும் என்று பையன் திரும்பியிருப்பான். அங்கே அவன் பேச்சை யார் கேட்பார்கள்? பெரிய கெட்டிக்காரி மாதிரி நானே என் பிள்ளையை அந்தப் படகில் ஏற்றிவிட்டேன், பாவி.

காற்று ஏறிக்கொண்டே போகிறது. துறைமுக வயர்லெஸ்காரர் தொண்டை கிழியப் புயல் எச்சரிக்கை சொல்கிறார், ஒரு படகும் திரும்பவில்லை. "புயல்னா திரும்ப மாட்டாங்க அக்கா. கடல் மூடியாச்சுன்னா உடனே திரும்புவாங்க. அதுக்கப்புறம் பிடிச்சா இறக்க விடமாட்டாங்களே" என்றார். அதைச் சொல்லும் அதிகாரம் உனக்குத்தான் இருக்கிறது.

ஐஸ் லாரி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், மதியத்துக்குள் வந்துவிடுவார். மீட்டிங் நடந்தாலும் உள்ளே புகுந்து உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அளவு நிரம்பிவிட்டது என்று ஒரு பொய் சொல், தம்பி. இன்னும் ஒரு மீன்கூடக் கரை இறங்கவில்லை, எனக்கும் தெரியும். நாளை உன் வேலை போகலாம். பிழைப்பைக் கெடுத்தாய் என்று ஊரே என்மேல் மண்ணை வாரித் தூற்றலாம். தூற்ற எல்லோரும் திரும்பி வந்திருப்பார்கள் அல்லவா?

உன் பிள்ளைகள் நூறு வயது வாழட்டும். அவர்களைப் பெற்றவள் ஒருநாளும் கரையில் வந்து நிற்காதிருக்கட்டும். கடலை மூடு, தம்பி.

உன் மருமகனைப் பெற்றவள்