ஓடுச்சா, கண்ணு?

அண்ணா,

என் விரல் நுனியில் ஸ்ட்ராபெரி வாசனை. பாப்பாவின் வாசனை ரப்பரால், லேப்டாப்பிலிருந்து கழற்றிய ரேம் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. போன வருடம் வந்த அதே கோளாறு. அன்று உங்களைக் கூப்பிட்டேன். இன்று கூப்பிட ஆள் இல்லை.

ஈரோட்டில் ஒரு விசைத்தறிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. ஆனால் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் நீங்கள்தான் மெக்கானிக். எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் உட்காரும் முன்பே யாராவது ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைப்பார்கள். "அதுக்கென்னங்க, பாத்துரலாமுங்க" என்பீர்கள். முடியாது என்று சொல்லவே உங்களுக்கு வராது. அந்த மரியாதையின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பீர்கள்: "ஓடுச்சான்னு ஒரு மெசேஜ் போட்டுரு கண்ணு." ஓடியதும் நான் வேலையில் மூழ்கிவிடுவேன். ஒருமுறைகூடப் போட்டதில்லை. மறுநாள் நீங்களே கூப்பிட்டுக் கேட்பீர்கள்.

போன வருடம் அந்தக் கோளாறு வந்த அன்று, ஒரு கல்யாண ஆல்பத்தை மறுநாள் மதியத்துக்குள் சிங்காநல்லூர் ஸ்டுடியோவுக்கு முடித்துக் கொடுத்தாக வேண்டும். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"சார்ஜரக் கழட்டீட்டு, பட்டன அரை நிமிசம் அமுக்கிப் புடி. அப்பறம் பின்னாடி ஸ்குரூவக் கழட்டு. ரப்பர் இருக்குதா?"

"பாப்பாவோட வாசன ரப்பர்தானுங்ண்ணா இருக்குது."

"அது போதும். ரேமு நல்லா மணக்கட்டும்" என்று சிரித்தீர்கள். சிரிப்பின் நடுவே மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு பெண்குரல் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது.

"எங்க இருக்கறீங்ண்ணா?"

"பேங்குல கண்ணு."

நம்பிவிட்டேன். நம்பினேன் என்பதும் பொய். கேட்டதற்கு ஒரு பதில் வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. பேச்சை இரண்டு முறை நிறுத்தி மூச்சு விட்டீர்கள். "சீக்கிரம் சொல்லுங்ண்ணா, நேரமாச்சு" என்று எரிந்து விழுந்தேன்.

அது இருதய ஆஸ்பத்திரியின் டோக்கன். மறுநாள் காலையில் ஆபரேஷன். நான் வேலை நெருக்கடியில் இருக்கிறேன், எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணியின் வாயையும் அடைத்திருக்கிறீர்கள். சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே! அந்த ஒரு வாய்ப்பைக்கூட எனக்குத் தராமல், கடைசிவரை நல்லவராகவே போய்ச் சேர்ந்தீர்கள்.

துக்கத்துக்கு வந்த சித்தப்பா உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "இனி நம்மூட்டுப் பிரிண்டர ஆரு கண்ணு பாப்பாங்க?" என்றார். அறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போதே அதே மாதிரி ஒரு நினைப்பு எனக்கும் வந்து போயிருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காரியம் முடிந்த அன்று அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆப்பரேசனுக்குக் கூட்டீட்டுப் போறப்ப என்ற கையில போனக் குடுத்துப்போட்டு, 'லேப்டாப்பு ஓடுச்சான்னு அவ மெசேஜ் போடுவா, வந்தா எனக்குச் சொல்லு'ன்னாருங்க அம்மணி. நானும் பாத்துட்டேதான் இருந்தேன்." அண்ணியின் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அந்த நேரத்தில் நான் ஆல்பத்தில் மணப்பெண்ணின் கழுத்து நகைக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் குழாய் சரிசெய்ய வருபவருக்குக்கூட, அவர் தெருமுனை தாண்டும் முன்பே தண்ணீர் நன்றாக வருகிறது என்று மெசேஜ் போட்டுவிடுகிறேன். என்னைப் பொறுப்பானவள் என்கிறார்கள்.

ரேமைப் பொருத்திப் பட்டனை அமுக்கினேன். திரை வெளிச்சமாகிவிட்டது.

அன்றைக்கும் ஓடிருச்சுங்ண்ணா. நீங்கள் போனை வைத்த ஐந்தாவது நிமிடமே ஓடிருச்சு.