பாம்பூஃப்ளாட் அம்மன் வந்த வழி

1966 ஜூலை 8, வெள்ளி

விடாத மழை. குடைக்கம்பி மறுபடி போயிற்று. தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் வந்தது. எனக்குக் கடிதம் இல்லை. ஆபீசுக்கு ஒன்று, மியூசியத்திலிருந்து. தமிழ் விஷயம், அதனால் என் வேலை என்று ஆபீஸ் பெரியவர் என் மேசையில் போட்டார். "பாபு, யே தும்ஹாரா காம் ஹை."

விஷயம் இது: அக்கரை பாம்பூஃப்ளாட்டில் தகரக் கொட்டகையில் இருக்கும் வெண்கல அம்மன், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் காணாமல் போனதாக இருக்குமோ என்று சந்தேகம். யாரோ எடுத்த போட்டோவைப் பார்த்திருக்கிறார்கள். பல நூறு வருஷத்துச் சிலையாம். யார் யார் கைமாறி இங்கே வந்தது? பீடத்தின் பின்புறம் எழுத்து உண்டா? இருந்தால் படியெடுத்து அனுப்பவும். அந்தக் கோயிலின் மற்றச் சிலைகளில் உள்ள வரி, மாதிரிக்கு இணைப்பு. ஒத்துப்போனால் அம்மன் ஊர் திரும்புவாள். அங்கே இன்னும் திருவிழாவுக்கு வெறும் பல்லக்கைத்தான் தூக்குகிறார்களாம்.

நம் அம்மனா?

ஜூலை 9, சனி

காசிம் பாயின் பழைய சாமான் கடை. அம்மனைப் பாம்பூஃப்ளாட்டுக்குக் கொடுத்தவர் அவர்தான். ரோடு காண்ட்ராக்டர் ஒருவர் மலேரியாவில் போய்விட, அவர் பெட்டி சாமானை மொத்தமாக எடுத்தாராம். அண்டா, குத்துவிளக்கு, அடியில் இவள்.

"உருக்குனா நல்ல வெண்கலம்னாங்க. உங்க சாமியாச்சே சார், மனசு வரல. ராக்காயி கையில குடுத்து அனுப்பிட்டேன்."

காண்ட்ராக்டருக்கு எப்படிக் கிடைத்தது?

"செத்தவரப் போயி எங்க சார் கேக்குறது?"

டீ கொடுத்தார். ஞாயிறு சாப்பிட வரச் சொன்னார். போகமாட்டேன். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் உட்கார்ந்துவிட்டு என் டாலிகஞ்ச் அறைக்குத் திரும்புவது பெரும் பாடு.

ஜூலை 15, வெள்ளி

மெல்லிய தாள், கரித்துண்டு, வாழைப்பழம். காலை ஃபெரி. ராக்காயி அக்கா அம்மனைத் திருப்பிப் பிடித்தாள். மரம் அறுக்கும் மில் ஆட்களுக்குச் சமைப்பவள், கொட்டகைச் சாவி அவளிடம்தான்.

பீடத்தின் பின்புறம் வழுவழு. தாளில் தேய்த்தால் கரிதான் விழுந்தது. மிஞ்சியது இரண்டு கோடு, ஒரு சுழி.

அடப்பாவி, அழித்தது நானேதான்.

வெள்ளிதோறும் அம்மனைத் துலக்குகிற முறை வீட்டுக்கு வீடு மாறி வரும். குடும்பம் உள்ளவர்களுக்குத்தான் முறை. ஒண்டிக்கட்டைக்கு ஏது? கெஞ்சிக் கேட்டு, எல்லார் முறையிலும் தேய்க்கிற வேலையை மட்டும் வாங்கிக்கொண்டேன். மூன்று வருஷம். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். பள்ளத்தில் இருப்பது அழுக்கு என்று இன்னும் அழுத்தி.

"பளபளன்னுதானே வச்சிருக்கோம், அதுல என்ன குத்தம்?" என்றாள் அக்கா. "எழுத்து இல்லைன்னு எழுதிப் போடுங்க தம்பி. அவ இங்கயே இருக்கட்டும்."

சரி என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

ஜூலை 17, ஞாயிறு

மழை. பழைய டயரிகளைப் புரட்டினேன். 1963. முதன்முதல் அக்கரை போன நாள். பொழுது போகாமல், எழுத்தென்றுகூடத் தெரியாமல், பீடத்துக் கீறல்களை அப்படியே வரைந்து வைத்திருக்கிறேன். அடியோடு மறந்துபோயிருந்தது. மியூசியம் அனுப்பிய மாதிரியோடு வைத்துப் பார்த்தேன். சுழிக்குச் சுழி அதேதான்.

அதன் கீழே: "நான்கு நாளாக யாரோடும் பேசவில்லை. இன்று இவளிடம் பேசினேன்."

கிழித்து அடுப்பில் போட்டால் யாருக்குத் தெரியும்? அடுப்பு வரை போனேன். வெறும் பல்லக்கு ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன்.

ஜூலை 18, திங்கள்

பக்கத்தைக் கிழித்து ஆபீசில் கொடுத்தாயிற்று. கீழ் வரிகளைக் கத்தரிக்க நினைத்தேன், செய்யவில்லை. பெரியவருக்குத் தமிழ் தெரியாது. மியூசியத்தில் படிப்பார்கள். படிக்கட்டும்.

பாம்பூஃப்ளாட்டுக்குச் சொல்லியனுப்பினேன். நேரில் போகத் தைரியமில்லை.

ஜூலை 22, வெள்ளி

ராக்காயி அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டாள். தொப்பலாக நனைந்து, கண் சிவந்து.

"உங்கள நம்பித்தானே அவள உங்க கையில குடுத்தோம் தம்பி."

போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"யார் யார் வச்சிருந்தாங்கன்னு எழுதணும்னீங்களே. எங்க பேரு போட்டீங்களா?"

படித்துக் காட்டினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில். இடையில் யாரென்று தெரியாது. காண்ட்ராக்டர். காசிம் பாய். பாம்பூஃப்ளாட் பெண்கள், ராக்காயி முதலாக ஒன்பது வீடு.

ஒன்பது பேரையும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"உங்க பேரு?"

வைத்திருந்தவர்கள் பேர் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள், தேய்த்தவன் பேரை இல்லை என்றேன்.